பார்மலினில் ஐந்து பூக்கள்

பாட்டிலைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளிப் பூ ஐந்தும் பார்மலினில் மிதந்தன.

"நான்தான் போட்டேன் பாப்பா," என்றார் லேப் அட்டெண்டர் அந்தோணிசாமி. "வாடிக்கினு இருந்துச்சி. எது வந்தாலும் உடனே பார்மலின்ல போட்றதுதான நம்ம லேப்ல பழக்கம்?"

"உயிரோட இருந்தாத்தான் அண்ணே அசையும்! கொன்னுட்டு, பத்திரமா வெச்சிருக்கேன்றீங்களே!"

விடியலில் எங்கள் ஊர் பிரம்மதேசத்தில், நான் ஆராய்ந்த செடியிலேயே மடலோடு வெட்டியவை. திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வரை, குலுங்கக் கூடாதென்று மடியிலேயே வைத்திருந்தேன். இன்று எம்.எஸ்சி. புராஜெக்ட் வைவா. அந்தப் பூவைத் தொட்டால் மகரந்த இழைகள் எல்லாம் நடுத்தண்டை நோக்கி வளையும். அதுதான் என் புராஜெக்டே.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சீனுவாசன் ரெக்கார்டைப் புரட்டினார்.

"கள்ளிப் பூ அசையுதா? யாரும்மா உனக்குக் கதை விட்டது?"

நாற்பத்திரண்டாம் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'கற்பனை' என்று எழுதினார்.

"அசைச்சுக் காட்டு. இல்லன்னா அடுத்த வருஷம் வா."

அடுத்த வருஷமாம்! ஊரான் நிலத்தில் மல்லாட்டைக்கடலை பிடுங்கி என்னைப் படிக்கவைத்த அப்பா அம்மாவிடம் போய் இவரே சொல்வாரா?

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம் கள்ளி மண்டியிருந்தது. கத்தி இல்லை. வெறுங்கையால் பூவோடு ஒரு மடலைத் திருகினேன். விரலெல்லாம் சுணைமுள். ஓடிவந்து மேசையில் வைத்துப் பூவை ஊசியால் தொட்டேன்.

அசையவில்லை.

சீனுவாசன் சிரித்தார். குனிந்து பார்த்தேன். ஓடிவந்த குலுக்கலில் இழைகள் ஏற்கெனவே வளைந்து கிடந்தன.

"யாரும் தொடாதீங்க. தானா நிமிரட்டும். அதுவரைக்கும் இழையச் சீவி வெச்ச ஸ்லைடப் பாருங்க சார்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார்.

"இழைக்குள்ள கட்டையாட்டம் செல்லு எதுவும் இல்ல பாருங்க. எல்லாம் மெல்லிசு சுவரு. செல்லுக்கு நடுவுல காத்து இடம். தொட்டா செல்லுல இருக்கிற தண்ணி அந்த இடத்துக்கு வந்துடும். செல்லு சுருங்கும், இழை வளையும். தண்ணி திரும்ப ஏறினா நிமிரும்."

"இந்த ஸ்லைடு யார் போட்டது?"

"நான்தான். வேற யாரு வந்து போடுவாங்க எனக்கு?"

பன்னிரண்டு நிமிடம். இழைகள் மெல்ல விரிந்து நின்றன.

"இப்ப நீங்களே தொடுங்க."

பேனா முனையால் தொட்டார். நூற்றுக்கணக்கான இழைகள் ஒன்றாக உள்ளே சாய்ந்தன. அவர் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். பேனா தரையில் விழுந்தது.

"ஐயையோ..." என்றார். ரெக்கார்டை இழுத்து, 'கற்பனை'யை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க சார், அது அப்படியே இருக்கட்டும். கீழ எழுதுங்க, கண்ணால பாத்தேன்னு."

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

பின்னாலிருந்து அந்தோணிசாமியின் குரல்: "பாப்பா, இந்தப் பூவையும் பார்மலின்ல..."

"தொட்டுப் பாருங்க, தெரியும்!"