பதினேழும் எழுபத்தொன்றும்

மலைமேல் ஒண்டிக்கடைப் பகுதியில் உள்ள ஒரு கவிதை அறக்கட்டளை அலுவலகத்தில் சசிகலா ஐந்து வருடமாக வேலை பார்த்தாள். ஆண்டுதோறும் தத்துவப் பாடல் ஒன்றுக்கு அங்கே பரிசு கொடுப்பார்கள். வருகிற பாடல்களில் பெயரை மறைத்து எண் போடுவதும், முடிவு வந்ததும் வென்றவருக்குப் போன் செய்வதும் அவள் பொறுப்பு. இந்த முறை பரிசு பதினேழாம் எண்ணுக்கு. அவள் கூப்பிட்டுச் சொன்னதோ எழுபத்தொன்றாம் எண்காரரிடம்.

தப்பு தெரிய இரண்டு நாளாயிற்று. செயலாளர் பாலசுப்பிரமணியம் பட்டியலை அவள் முன்னால் வைத்து, "யாரும்மா இது தேவசிகாமணி?" என்று கேட்டபோதுதான் எண்ணை மாற்றிப் படித்தது அவளுக்குத் தெரிந்தது. பரிசு சேலத்து ஆசிரியை புவனாவுடையது. தேவசிகாமணி கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர். சேதி கேட்டு அவர் போனில் அழுதது இன்னும் அவள் காதில் இருந்தது.

"போன்லயே சொல்லிரும்மா."

"நேர்ல போறேனுங்க சார். தப்பு என்னுதுங்க."

பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தாள். அடுத்த வளைவில் அது உதவாது என்று தோன்றியது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

தேவசிகாமணி வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "பரிசு ஆபீஸ் அம்மா வந்துட்டாங்க!" என்று ஒருவர் உள்ளே குரல் கொடுத்தார். தேவசிகாமணி சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடிவந்து அவளை உள்ளே கூட்டிப்போனார். சசிகலா வாய் திறப்பதற்குள் அவர் மனைவி மலர் காப்பியைக் கையில் கொடுத்தாள். அவரோ மேடைக்கு ஒத்திகை என்று நின்றபடியே பாடத் தொடங்கிவிட்டார்.

"மஞ்சு மூடினால் மலை எங்கே போகிறது?
மலை போகவில்லை என்றால் வந்தது எது?"

பாடி முடித்ததும் அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். பரிசு உங்களுக்கில்லீங்க. நெம்பரை மாத்திப் பாத்துப் போன் பண்ணிட்டேனுங்க."

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப எம்பாட்டு எத்தனாவதுங்க?"

இரண்டாவது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "மொத சுத்தையே தாண்டலீங்க," என்றாள்.

"போன்லயே சொல்லியிருக்கலாமுங்களே," என்றாள் மலர். "இத்தன பேரு மின்னால வந்து சொல்லோணுமா?"

சசிகலாவுக்கு இது தோன்றவே இல்லை. தன் மனச்சுமையை இறக்கிவைக்க வந்தவள், ஊர் பார்க்க அதை அவர் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள்.

தேவசிகாமணி எழுந்து வாசலுக்குப் போனார். "ஏனுங்க, பரிசு நமக்கில்லையாமா. நெம்பர் மாறிப்போச்சாமா. காப்பி குடிச்சுட்டுப் போங்க." குரல் உடையவில்லை. கை மட்டும் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது.

விழாவன்று காலை மூன்றாவது வரிசையில் அவரும் மலரும் உட்கார்ந்திருந்ததைச் சசிகலா பார்த்தாள். எழுந்து ஏதாவது கேட்டுவிடுவாரோ? புவனா பாடியபோது ஒரு வரிகூடச் சசிகலா காதில் விழவில்லை. தேவசிகாமணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

கூட்டம் கலையும்போது அவளிடம் வந்தார்.

"நல்ல பாட்டுங்க. அவிங்களுக்குத்தான் குடுக்கோணும்." கொஞ்சம் நின்று, "என்னுதும் அப்பிடியொன்னும் மோசமில்லீங்க," என்றார்.

"மோசமே இல்லீங்க சார்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மலர், சசிகலாவைப் பார்க்காமலே, அவரைக் கூப்பிட்டாள்.