ஒரு சாண் விரிசல்

திருப்புலிவனத்தில் பஞ்சாட்சரம் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்றே முக்கால் வருஷம் இருந்தது. இரண்டு சட்டி சேறு குழைத்து அப்பியிருந்தால் அரை நாளில் மறைந்திருக்கும். ஆனால் அதன் பேரில் காஞ்சிபுரத்துக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்ததால், அதைத் தொட யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. அந்த வீட்டில் பெருக்கி மெழுகிக் குடித்தனம் செய்த அவர் மனைவி பவளத்துக்கும் சேர்த்துத்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் எதிர்வீட்டுக் கன்னியப்பன் களத்திலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தான். சந்து திரும்பும்போது மாடு மிரண்டு, வண்டி அவர் வீட்டு மண்சுவரில் உரசியது. மேல்பூச்சு உதிர்ந்து ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். கன்னியப்பன் கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். அன்று சாயங்காலம் டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இன்னா மாமா, மண்ணு சொவுருக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறே? ரெண்டு சட்டி சேறு, நானே வந்து பூசிட்டுப் போறேன். பத்தாதுன்னா சொல்லு, வூடு கட்ன செங்கல்லு நாலு மீந்து கீது, எடுத்தாந்து வச்சிடறேன்."

வேர்க்கடலை நன்றாக விளைந்து, அவன் அந்த வருஷம்தான் கல்வீடு கட்டியிருந்தான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே மறந்தும் போனார்கள். பஞ்சாட்சரம் மட்டும் மறக்கவில்லை. அந்த நான்கு செங்கல்லையும் அவர் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் நஷ்ட ஈடு கேட்டுக் கேஸ் போட்டுவிட்டார். அந்தச் சுவர் முழுவதையும் இடித்துப் புதிதாக வைத்தாலும் அத்தனை ஆகாது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வக்கீலின் குமாஸ்தா வேதகிரி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அந்த எடத்தத் தொட்டுடாதீங்க. அதுதான் நம்ம சாட்சி. கோர்ட்டுலேர்ந்து கமிஷனர்னு ஒரு வக்கீல அனுப்புவாங்க. அவர் வந்து அளந்து எழுதற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

கமிஷனர் வந்தபாடில்லை. வாய்தா மேல் வாய்தா. வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்துகொண்டு காஞ்சிபுரம் போவார்கள். எதிர்க்கட்சி வக்கீலுக்குக் காய்ச்சல், நீதிபதிக்கு மாற்றல், கோடை விடுமுறை என்று ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். மழை மட்டும் வாய்தா வாங்காமல் வருஷா வருஷம் வந்தது. கீறலுக்குள் தண்ணீர் இறங்கியது.

பவளம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு முழுவதும் செம்மண் பூசிச் சுண்ணாம்பு அடிப்பாள். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பூச வேண்டும். ஒரே மகளை ஓரிக்கையில் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த வீடுதான். அதன் முகத்தில் புண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"சொவுத்துல கீறது பத்தாதுன்னு மனசுலயும் வச்சிக்கினு கீறீங்களே. ஒரு பிடி சேறு வச்சி அடைச்சிடறேன்."

"தொட்டுப் பாரு. கைய ஒடிச்சிடுவேன்" என்றார் பஞ்சாட்சரம்.

எண்பத்தொன்று ஐப்பசியில் ஒருவழியாகக் கமிஷனர் வரத் தேதி குறித்தார்கள், ஒரு திங்கட்கிழமை. இரண்டு நாள் முன்னால் வேதகிரி வந்து விரிசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பென்சில் கோடு மாதிரி கீதே. ஆயிரத்து எரநூறு கேட்டுக்கீறோம். இதப் பாத்தா கமிஷனர் சிரிப்பாரு."

வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் பஞ்சாட்சரம் பொறுத்திருப்பார். சிரிப்பாரு என்றதும் டீக்கடை கண்முன் வந்துவிட்டது. அன்று மத்தியானம் கன்னியப்பன் உத்திரமேரூருக்குப் போயிருந்தான். சந்தில் ஆள் இல்லை. பஞ்சாட்சரம் கடப்பாரையை எடுத்துவந்து விரிசலில் வைத்து லேசாக நெம்பினார். கொஞ்சம் அகலப்படுத்தத்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் ஊறிப்போன மண். கடப்பாரை தன்பாட்டுக்கு உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. வெளியே இழுத்தபோது தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பவளம் முறத்தோடு நின்றிருந்தாள்.

"மூணு மழை செய்யாதத நீங்களே செஞ்சிட்டீங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"திங்கக்கெயம வரைக்கும்தான். பொத்திக்கினு இரு." ஓட்டைமேல் ஓலைத் தட்டியைச் சாத்தி வைத்தார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விடவில்லை. மூன்று மணிக்குப் பஞ்சாட்சரம் வரப்பை வெட்டித் தண்ணீர் வடியவிடக் கழனிக்குப் போனார். திரும்பிச் சந்துக்குள் நுழைந்தபோது சுவர் இல்லை. ஓடு சரிந்து கிடந்தது. மழையில் நனைந்துகொண்டு கன்னியப்பன் ஒற்றை ஆளாக வெறும் கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன்தான் பவளத்தை வெளியே எடுத்தான். உயிர் இல்லை. வலது கையை இறுக மூடியிருந்தாள். பெண்டுகள் வந்து சேர்வதற்குள் அவனே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, விரல்களைப் பிரித்து, அந்தக் கையைக் கழுவிவிட்டான்.

இடிந்த சுவர் செம்மண். அவள் கையிலிருந்து கரைந்து ஓடியது கறுப்பு. ஏரிக் களிமண்ணில் உமி கலந்து பிசைந்தது. பஞ்சாட்சரம் பார்த்தார். அவள் உள்பக்கமாக உட்கார்ந்து அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையை ஒடிப்பேன் என்று சொன்னவரிடம் சொல்லாமல், அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

"என் வண்டிதான் மாமா அக்காவ முய்ங்கிட்ச்சி" என்று கன்னியப்பன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். இல்லைடா என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஊரே கன்னியப்பனைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. அவன் தாடி வளர்த்துக்கொண்டு, மாட்டையும் வண்டியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான்.

சாவால் தள்ளிப்போன கமிஷனர், காரியம் முடிந்த மறுவாரம் வந்தார். சின்ன வயசு, கையில் டேப். அளக்கத்தான் ஒன்றும் இல்லை. வேதகிரி அவர் காதருகே போய், கேஸ் இப்போது பெரிசாகிவிட்டது, உயிர்ச் சேதத்தையும் சேர்த்துப் பிராதைத் திருத்தப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டி இல்ல சார்" என்றார் பஞ்சாட்சரம். "நான்தான் கடப்பாரையால குத்துனேன். எழுதிக்கோங்க." உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டார்.

கமிஷனர் சங்கடத்தோடு குமாஸ்தாவைப் பார்த்தார். "துக்கத்துல பேசறாரு சார், சித்தம் சரியில்ல" என்றார் வேதகிரி. கன்னியப்பன் ஓடிவந்து கும்பிட்டான். "எய்தாதீங்க சார். எம்மேல பாவப்பட்டு சொல்றாரு. என் வண்டிதான் சார்."

மூன்றே முக்கால் வருஷம் பஞ்சாட்சரம் பொய் சொன்னார். கோர்ட்டு அதை நம்பர் போட்டு வாங்கி வைத்துக்கொண்டது. இன்று உண்மையைச் சொல்கிறார், வாங்க ஆள் இல்லை. பார்த்தவள் ஒருத்திதான், அவளும் இல்லை. சுவர் இல்லை, சேதம் அளக்க முடியவில்லை என்று கமிஷனர் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஞ்சாட்சரம் காஞ்சிபுரம் போய்க் கேஸை வாபஸ் வாங்கினார். அதற்கும் கன்னியப்பன் அவரைத் தெய்வம் என்றான்.

மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்ததும் கன்னியப்பன் செம்மண் கொண்டுவந்து கொட்டி, தானே மிதித்து, அந்தச் சுவரை எழுப்ப ஆரம்பித்தான். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் இடுக்கு விழுந்திருந்ததை அடைக்க, ஒரு சட்டியில் தனியாக மண் பிசைந்தான். பஞ்சாட்சரம் எழுந்து வந்து சட்டியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். கறுப்பு.

"இதுல இன்னா போட்டுக்கீறே?"

"உமி மாமா. இடுக்கு அடைக்கணும்னா ஏரிக் களிமண்ணும் உமியும்தான் நிக்கும்."

"சொவுரு வைக்கறதுக்கு உமி போட்டியா?"

"அதுக்கெதுக்கு? அது செம்மண்ணு, சும்மா..." கன்னியப்பன் நிறுத்தினான். தன் கையைப் பார்த்தான். அப்புறம் அவர் கையைப் பார்த்தான்.

"உன் வண்டி போட்டது மேல்கீறல். அது உள்ள வரைக்கும் வரல" என்றார் பஞ்சாட்சரம். "உள்ளே உக்காந்து அவ அடைச்சிக்கினு இருந்தது நான் போட்ட ஓட்டைய."

கன்னியப்பன் சட்டியைத் தள்ளி வைத்தான்.

"அந்தக் கைய நான்தான் மாமா கயுவுனேன்" என்றான். "நகத்துல உமி ஒட்டிக்கினு இருந்திச்சி. ஒண்ணொண்ணா கிள்ளி எடுத்தேன்."

தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் வரவில்லை. மீதிச் சுவரைப் பஞ்சாட்சரமே வைத்து முடித்தார். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. சுவர் கோணலாகத்தான் நிற்கிறது.