மூடிய கைக்குள் சோழி

எழிலுக்கு ஜாதகம் கிடையாது. சேலையூர் சவுரிமுத்து தன் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரே தவிர, அவன் பிறந்த நேரத்தைக் குறித்து வைக்கவில்லை. பொருத்தம் பார்க்க வழியில்லாமல்தான் தமிழினியின் அப்பா சம்பத் சோழிக்கு வந்தார்.

"சோழி சரியா விழலைன்னா அந்தப் பையன் பேச்சை இதோட வுட்டுடணும்," என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முடிச்சூர் வீட்டு ஹாலில் ஜோசியர் தினகரன் பலகையை வைத்து, சோழிகளைத் தமிழினியின் வலது கையில் கொடுத்தார்.

"பொண்ணு கையாலதான் விழணும்மா. வேற யார் போட்டாலும் பலன் சொல்ல முடியாது. மனசுல நெனச்சுகினு உருட்டு."

தமிழினி எழிலை நினைத்தாள். கையை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னாடி, போடு," என்றார் சம்பத்.

"மாட்டேன்பா."

"ராகு காலம் வந்துடும்மா," என்றார் ஜோசியர்.

"வரட்டும் சார்."

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள் அவள். "அப்பா, இதுக்குள்ள ஒரு நத்தை இருந்துச்சு. தன் ஒடம்பையே வெளியே விரிச்சு மூடி மூடித்தான் இந்த ஓட்டை வழவழன்னு வச்சிருந்துச்சு. அதைக் கொன்னுட்டு, நான் யாரோட வாழணும்னு அதுகிட்டயே கேக்குறீங்களே!"

"நத்தைக்கா கல்யாணம் பண்றேன்? உனக்குடி!"

"அப்போ என்னைக் கேளுங்க."

சமையலறை வாசலில் கனகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து மகளுக்கு ஊட்டத் தொடங்கினாள்.

"நீயுமாடி?"

"கை மூடியிருக்கே, எப்படிச் சாப்பிடுவா? பசிக்காதா?"

சம்பத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டை விரலை விலக்கினார். சோழியின் பல் பல்லான விளிம்பு உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது. அவர் பிடி தளர்ந்தது.

"வலிக்கலையா?"

"வலிக்குது." விரலை மறுபடி மடக்கிக்கொண்டாள்.

"எப்பதான் தொறப்ப?"

"எழிலை வரச் சொல்லி நீங்களே பேசுங்க. வேணாம்னா, ஏன் வேணாம்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் தொறக்கிறேன்."

"நான் வேணாம்னே சொல்லிட்டா?"

"அப்பவும் அவனைத்தான் கட்டிப்பேன். ஆனா சோழி மேல பழியைப் போட முடியாது, இல்லப்பா?"

ஜோசியர் பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சம்பத் எரிச்சலோடு தமிழினியின் போனை அவள் பக்கம் தள்ளினார். "கூப்பிடு அவனை."

"எனக்கு இடது கை வராதுப்பா. நீங்களே கூப்பிடுங்க."

சம்பத் அவளை முறைத்தார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

"நம்பரைச் சொல்லு."