கல்லாற்றுக்குப் போக நினைத்தவள்

"பாகி, ரசம் கொதிச்சுடுத்து. கறிவேப்பிலை எங்கே?" என்று சமையலறையிலிருந்து மன்னி சுப்புலக்ஷ்மி குரல் கொடுத்தாள்.

கிணற்றடியில் நின்றுகொண்டிருந்த பாகீரதி, "இதோ மன்னி" என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலைச் செடியில் ஒரு கிளையை ஒதுக்கி அடுத்த கிளையில் கொத்துப் பறித்தாள். ஒதுக்கிய கிளையில் ஒரு பச்சைப் புழு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கூடு கட்டும். பிறகு கறுப்புப் பட்டாம்பூச்சியாகப் பறந்துவிடும். அதுவரை அந்தக் கிளையை யாரும் தொடக்கூடாது என்று பாகீரதி சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபட்ட காரியம் அது ஒன்றுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம். திருவனந்தபுரம் வலியசாலையில், கோயிலை ஒட்டிய தெருவில், கல்யாணராமய்யரின் வீடு. அவர் மகள் பாகீரதிக்கு முப்பத்தாறு வயது. ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் ஜாதகம், தோஷம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவள் போய்விட்டால் சம்பளமும் கூடவே போய்விடும் என்ற காரணத்தை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

அண்ணா வெங்கடகிருஷ்ணனுக்குக் கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை. வரும்படி சொற்பம். அதனால் நாலு பேர் கூடுகிற இடத்தில் அய்யர், "பாகிதான் இந்தாத்துக்கு ஆம்பிளை" என்று பெருமையாகச் சொல்வார். பாகீரதியும் அதைக் கேட்டு ரொம்ப நாள் பூரித்துப்போயிருக்கிறாள். ஆம்பிளை என்றார்களே தவிர, ஆம்பிளைக்குள்ள சௌகரியம் ஒன்றையாவது கொடுத்தார்களா? ஆபீஸ் விட்டு வந்ததும் காபி உண்டு. எல்லாருக்குமாக அவளே கலக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கென்று இருந்த ஆசை பட்டாம்பூச்சி பார்ப்பது. செலவில்லாத ஆசை. மத்தியான இடைவேளையில் மியூசியம் தோட்டத்தில் போய் நிற்பாள். அங்கே வரும் பட்டாம்பூச்சியெல்லாம் அவளுக்குப் பழக்கம். ஒன்றை மட்டும் பறக்கும்போது பார்த்ததில்லை. மலபார் ட்ரீ நிம்ஃப் என்று பெயர். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மை தெளித்த மாதிரி இருக்கும். உள்ளங்கையை விடப் பெரிது. ஒரு கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள், ஊசி குத்தி வைத்திருந்ததைப் பார்த்தாள். அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், இதைப் பறக்கும்போது பார்த்தே தீர வேண்டும் என்று.

அவளோடு வேலை பார்க்கும் ராகேலின் அண்ணன் ஞானையன், பொன்முடி மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசர். "மழை புடிக்கறதுக்கு முன்னால வந்தா, கல்லாத்துக்கு மேல ஆத்தங்கரைக் காட்டுல பாக்கலாம்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். கார்த்திகையிலிருந்தே இரண்டு பெண்களும் திட்டம் போட்டார்கள். எந்த பஸ், எங்கே இறங்குவது, அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் எடுப்பது, எல்லாம் பேசியாயிற்று. மே மாதத்தில் நாலு நாள் லீவும், மலையடிவாரக் கல்லாற்றுப் பங்களாவில் ஒரு அறையும் கிடைத்தன. பாகீரதி அன்று வீட்டுக்கு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அங்கேதான் தப்பு செய்தாள். சந்தோஷத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

முதலில் அண்ணாவின் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. "அத்தே, எங்களுக்கும் பூம்பாற்றை காணணும்!" என்று, பட்டாம்பூச்சிக்குப் பள்ளிக்கூட மலையாளமும் மற்றதுக்கு வீட்டுத் தமிழுமாகக் குதித்தன. பாகீரதி சிரித்துக்கொண்டே, "வரட்டுமே" என்றாள்.

"குழந்தைகளை நீ ஒருத்தி எப்படிச் சமாளிப்பே? சுப்புவும் வரட்டும்" என்றார் அண்ணா. மன்னி கல்யாணமாகி வந்த நாளாகப் பிறந்த வீட்டைத் தவிர எங்கும் போனதில்லை. பாவம், அவளும் வரட்டும் என்று பாகீரதிக்குத் தோன்றியது.

மறுநாள் அண்ணா, "பொம்மனாட்டிகளாத் தனியாக் காட்டுக்குப் போறதாவது! நானும் வரேன். மடப்பள்ளிக்கு மாத்தாள் சொல்லிட்டேன்" என்றார். அறை ஒன்றுதான். ராகேல் எங்கே படுப்பாள்? "அவாளுக்கென்ன, அவா அண்ணாவே மேலே இருக்கார். எப்ப வேணா போயிக்கலாம். சாரமில்லை" என்று அதையும் அவரே முடித்துவிட்டார். பரவாயில்லை என்பதற்கு அந்தத் தெருவில் சாரமில்லை என்பார்கள். வெங்கடகிருஷ்ணன் அதைத் தன் விஷயத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போதுதான் கல்யாணராமய்யர் கனைத்தார். "எல்லாருமாப் போயிட்டா எனக்கு யார் சாதம் போடுவா?"

வெளியார் சமைத்ததை அவர் வாயில் வைக்கமாட்டார். வீட்டு மனுஷர் குளித்து, மடியாகச் சமைக்க வேண்டும். கூடத்தில் எல்லார் கண்ணும் பாகீரதி பக்கம் திரும்பியது.

"பாகிதான் இருக்காளே" என்றார் அண்ணா. "அவ கை ரசம்னா அப்பாவுக்கு உசிர். குழந்தைகளுக்கு இப்பதானே லீவு? நீ அடுத்த வருஷம் போயிக்கோ பாகி. சாரமில்லை, என்ன?"

'எனக்குப் போகணும்' என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தபோது, "சரி அண்ணா" என்றுதான் வந்தது. அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! மன்னி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தைகளின் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் ஆபீசில் விஷயத்தைக் கேட்ட ராகேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒனக்க லீவு, ஒனக்க பிளானு. போறது மட்டும் அவியளா? எனக்கு எடம் இல்லாட்டா போட்டும், நான் அண்ணன் வீட்டுல கெடப்பேன். நீ போவாண்டாமா?"

"அப்பாவுக்குச் சமைக்க ஆள் வேணுமே, ராகேல்."

"ஒங்க அண்ணன் என்ன வேல பாக்காரு? ஊருக்கெல்லாம் பொங்குத மனுசனுக்குப் பெத்த அப்பனுக்குப் பொங்கத் தெரியாதா?"

பாகீரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளி ஆளான ராகேலுக்குத் தோன்றியது அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றவே தோன்றாதபடி தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறோம். "அதெல்லாம் எங்காத்துல வழக்கமில்லை" என்று முணுமுணுத்துவிட்டு அவள் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற காலையில் புளியோதரை, தயிர்சாதம், ஒரு பாட்டில் நிறைய மாங்காய் ஊறுகாய் எல்லாம் அவளே கட்டிக்கொடுத்தாள். வாசல்வரை வந்து, "அது மெதுவாத்தான் பறக்கும் அண்ணா. மரத்துக்கு நடுவுல காகிதம் மிதக்கறாப்புல இருக்குமாம். யாரைக் கண்டும் ஓடாது. தொடாதேங்கோ. நின்னு பார்த்தாப் போரும்" என்றாள். அண்ணா தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அவள் லீவு அடுப்படியில் கழிந்தது. அப்பா இரண்டு வேளையும் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். கறிவேப்பிலைப் புழு கூடு கட்டியிருந்தது. அதைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள். தெற்கே மேகம் ஏறிக்கொண்டே வந்தது. இடவப்பாதிப் பருவமழை பிடித்துவிட்டால் இந்த வருஷக் கதை முடிந்தது.

போனவர்கள் கும்மாளமாகத் திரும்பினார்கள். காலெல்லாம் அட்டைக் கடி, முகமெல்லாம் சிரிப்பு.

"பாகி, கண்ணை மூடிக்கோ! உனக்கு என்ன கொண்டுவந்திருக்கேன் பாரு!" என்றார் அண்ணா. அவர் குரலில் இருந்தது உண்மையான பிரியம். அதுதான் இந்தக் கதையில் பெரிய கஷ்டமே.

அவள் கண்ணைத் திறந்தாள். அதே ஊறுகாய் பாட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே அந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி மடங்கிக் கிடந்தது.

"நீ சொன்னது சரிதான். ஓடவே இல்லை. தோர்த்துத் துண்டைப் போட்டு ஒரே அமுக்கு. உனக்காகத்தான் பாகி!"

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மூடியைத் திறந்து, அதை விரலில் ஏந்தி, கறிவேப்பிலைக் கிளையில் வைத்தாள். பாட்டிலைச் சரியாகக் கழுவாததால் இறக்கையில் எண்ணெய் ஊறியிருந்தது. கால் மட்டும் ஒருமுறை அசைந்தது. பிறகு அது கீழே மண்ணில் விழுந்தது. அவள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்க ஆசைப்பட்டதில் மிச்சம் அவ்வளவுதான். எடுத்துச் செடியின் அடியில் வைத்துவிட்டுக் கைகழுவினாள்.

உள்ளே வந்து, "எல்லாருக்கும் காபி கலக்கட்டுமா?" என்று கேட்டாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

அந்தக் கேள்வியை சுப்புலக்ஷ்மியால் தாங்கமுடியவில்லை. பாகீரதி கையிலிருந்த பால் பாத்திரத்தை வாங்கித் தரையில் வைத்தாள்.

"நீ உக்காரு" என்றாள். "நான் மகாபாவி, பாகி. எனக்கும் ஊர் பாக்கணும்னு ஆசை. அதனாலதான் அன்னிக்கு வாயை மூடிண்டு இருந்தேன். அந்தப் பூச்சி பறந்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துது. அப்பறந்தான் உறைச்சுது, இதைப் பாக்க வேண்டியவ ஆத்துல ரசம் வெச்சுண்டிருக்காளேன்னு."

வெங்கடகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப என்ன ஆயிடுத்து? சாரமில்லை. அடுத்த மே மாசம் அவளே போயிட்டு வரட்டும், நானே சொல்றேன். போருமா?"

வாசலில் மழையின் முதல் துளிகள் சடசடவென்று விழுந்தன. சுப்புலக்ஷ்மி புருஷனை நேராகப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பவும் நீங்கதான் உத்தரவு குடுக்கணுமா? ஆம்பிளை ஆம்பிளைன்னு சொல்லியே இவ சம்பளத்தை வாங்கிண்டோம், லீவை வாங்கிண்டோம். இப்ப ஆசையையும் வாங்கிண்டுட்டோம். கோயில்ல அத்தனை பேருக்குப் பொங்கற உங்களுக்கு, அப்பாவுக்கு நாலு நாள் பொங்கத் தெரியாதா? இவ கேட்டது பூச்சியை இல்லை. தன் கண்ணால பாக்கணும்னு கேட்டா. ஆத்துக்காக உழைக்கறவளுக்கும் தனக்குன்னு ஒரு ஆசை இருக்கும். அதை அவதான் அனுபவிக்கணும். நாம அனுபவிச்சுட்டு, மிச்சத்தைப் பாட்டில்ல அடைச்சுக் கொண்டுவந்து குடுத்தா, அதுக்குப் பேர் பிரியம் இல்லை. திருட்டு."