நீலக் கோடு போட்ட சீட்டு

ஸ்டாங்கா காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். முடிந்துபோன அக்டோபர் மாதத் தாள். அதை நீளவாக்கில் மடித்து நகத்தால் அழுத்தி, கத்தி முனையால் வகுந்து, பிறகு குறுக்கே வகுந்தாள். நான்கு துண்டுகள். ஐந்தாவதற்காகக் கை மறுபடி காலண்டர் பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது. சிரில் அதைப் பார்த்தான். தான் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று சன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொண்டான். கம்னிக் ஊருக்கு மேலே மலைகள் பாதிவரை வெளுத்திருந்தன. அவன் மனைவி யெர்னேயா இருந்திருந்தால், இந்த வருஷம் சீக்கிரமே இறங்கிவிட்டது என்று சொல்லியிருப்பாள். பனியைப் பற்றிப் பேசும்போது அவள் எப்போதும் 'இறங்கிவிட்டது' என்றுதான் சொல்வாள், ஏதோ விருந்தாளி பேருந்திலிருந்து இறங்கியதைப் போல.

நவம்பரில் வாத்தும் புது ஒயினுமாகக் கொண்டாடும் மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. ஸ்டாங்கா வீட்டில் வாத்து வெந்துகொண்டிருந்தது. அவள் யெர்னேயாவின் அக்கா, தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவள் கணவன் மெத்தோட், சிரிலுக்குச் சகலை, மேசை ஓரத்தில் உட்கார்ந்து சுட்ட கஷ்கொட்டைகளை உரித்துக்கொண்டிருந்தான். உரித்ததைச் சாப்பிடவில்லை. கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு காலத்தில் இந்த மேசையில் அவன் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. பிப்ரவரிக்குப் பிறகு, கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான்.

தபால்காரன் போகோ புது ஒயின் குடுவையோடு உள்ளே வந்தான். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசை நடுவில் வைத்தான். பதினான்கு வருஷமாக அதே தொப்பி. ஒரு பக்கம் பூச்சி அரித்து, ஸ்டாங்கா தைத்துக்கொடுத்த ஒட்டு இருந்தது.

"என்னப்பா, ஆளுக்கொரு மூலையா? வாத்து செத்ததுக்குத் துக்கமா?" என்றவன், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோ சிரில்."

"வாத்துக்கு என்ன, அது வருஷா வருஷம் சாகுது. உக்காருடா," என்றான் சிரில்.

தொப்பியும் சீட்டும் போகோவின் யோசனைதான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு எந்த மலைக்குப் போவது என்று பேச உட்கார்ந்தது பெரிய சண்டையில் முடிந்தது. ஐந்து பேரும் நடுத்தரம். பிரமாதமாகச் சறுக்குகிறவர்களும் இல்லை, விழுந்து புரளுகிறவர்களும் இல்லை. ஆனால் நடுத்தரம் என்பது ஒரு கயிறு, அதற்கு இரண்டு முனை. சரிவுகளுக்கு நிறம் உண்டு: நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. சிவப்பில் போக முடியாது என்று இந்த நாட்டில் ஐம்பது வயசான எவரும் தன் வாயால் சொல்ல மாட்டார்கள். முழங்காலில் உலோகம் வைத்துத் தைத்தவன்கூட, போன வாரம் காலில் ஆணி குத்திவிட்டது என்றுதான் சொல்வான். நடக்கக் கற்பதற்கு முன்பே சறுக்கக் கற்றதாகப் பீற்றிக்கொள்ளும் ஜனங்கள். அதனால் போகோ சொன்னான், யாரும் வாயால் சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு சீட்டு. பெயர் இல்லை, எழுத்து இல்லை, ஒரே ஒரு கோடு, நீலமோ சிவப்போ. மடித்துத் தொப்பியில் போட வேண்டியது. ஒரே ஒரு நீலம் வந்தாலும் எல்லோரும் சுலபமான மலைக்குத்தான். யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. படித்து முடித்ததும் சீட்டுகள், அறையைச் சூடாக்கும் ஓட்டடுப்புக்குள் போய்விடும். பள்ளிக்கூடத்து வண்ணப் பென்சில்களை ஸ்டாங்கா கொண்டுவந்தாள். சீட்டு எடுத்து வாசிப்பது சிரில். நிலஅளவைத் துறையில் வேலை பார்த்தவன், வரைபடம் படிக்கத் தெரிந்தவன், பொய் சொல்லத் தெரியாதவன் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

போன வருஷத்துக்கு முன்னால் மூன்று வருஷம் தொடர்ந்து ஒரு நீலம் வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷமும் போட்லேசாவுக்குப் போனார்கள். அகலமான, சாதுவான மலை. காலை வெயில் நன்றாக விழும், குழந்தைகள் கூட்டம், மேட்டில் இழுத்துக்கொண்டு போகும் இழுவைக் கம்பிக்கு வரிசை. போன நவம்பரில் இதே மேசையில் மெத்தோட் சொன்னான், "போட்லேசாவுல சரிவா இருக்கு? நான் படம் பாக்கற நாற்காலி அதைவிடச் சாஞ்சிருக்கு." போகோ சொன்னான், "அங்க இருக்கற மரத்தையெல்லாம் நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்பா. அதுங்களும் திரும்பக் கூப்பிடுது." யெர்னேயா மட்டும், "அங்க அவரை சூப் நல்லாயிருக்கும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "சூப்புக்காக மலை ஏறுற ஒரே பொம்பளை என் கொழுந்தியாதான்," என்றான் மெத்தோட். சிரிலும் சிரித்தான். அன்று அவள் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர எதுவும் சொல்லவில்லை என்பது, இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சிரிலுக்கு அப்போது வேறொரு மலைமேல் மனசு. எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவில், ராபன்கோகல். இரண்டு குளிர்காலமாக அதன் வரைபடத்தை மேசை இழுப்பறையில் வைத்து, எடுத்தெடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். உச்சியிலிருந்து பள்ளத்தாக்குவரை ஒரே நீளமாக ஒன்பது கிலோமீட்டர் சிவப்புத் தடம். செயற்கைப் பனி உண்டு, வேகமான நாற்காலி லிஃப்டுகள் உண்டு, கூட்டம் குறைவு, காரில் இரண்டரை மணி நேரம். நடுத்தரக்காரர்களுக்கென்றே செய்த மலை என்று எல்லோரிடமும் சொன்னான். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தத் தடத்தின் கடைசி மூன்றிலொரு பங்கு வடக்குப் பார்த்தது. வரைபடத்தின் சம உயரக் கோடுகள் அங்கே நெருங்கி நின்றன, சரிவு செங்குத்து என்று அர்த்தம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அங்கே நிழல் விழும், பனி இறுகிக் கண்ணாடியாகும். முப்பத்திரண்டு வருஷம் சரிவுகளை அளந்தவனுக்கு அதைப் படிக்க ஒரு நிமிஷம் போதும். அவனுக்கு அறுபது வயசு. வலது முழங்கால் படிக்கட்டில் கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. இன்னும் எத்தனை குளிர்காலம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

போன வருஷம் அவன் எடுத்த முதல் மூன்று சீட்டும் சிவப்பு. நான்காவதைப் பிரித்தான். நீலம். மிக லேசான கோடு. பென்சில் தாளைத் தொட்டும் தொடாமலும் போயிருந்தது, கண்ணில் படாமல் போனாலும் போகட்டும் என்று நினைத்த ஒரு கையால் போட்டதைப் போல. "சிவப்பு," என்றான் சிரில். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவனை இன்றுவரை அச்சுறுத்துவது. ஐந்தாவதும் சிவப்பு. மெத்தோட் மேசையைக் குத்தி ஆரவாரம் செய்தான். அந்தக் கூச்சலில் சிரில் நான்கு சீட்டை அடுப்புக்குள் போட்டான். ஒன்று அவன் கோட்டுப் பைக்குள் போனது. ஸ்டாங்காவுடையதாக இருக்கும் என்று நினைத்தான். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினான்.

அன்று வீடு திரும்பும்போது காரில் யெர்னேயா கேட்டாள், "அஞ்சும் சிவப்பா?"

"ஆமா."

அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள். "அப்ப சரி," என்றாள்.

அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரியும் என்று அவள் சொல்ல வேண்டுமானால், நீலம் போட்டது நான்தான் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அவள் அதைச் சொல்ல மாட்டாள். இந்த நாட்டுப் பெண். அந்த வெட்கத்தின் பின்னால் சிரில் ஒளிந்துகொண்டான். அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் சனிக்கிழமைகளில் அவள் டொம்ஷாலேயில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனாள். போகட்டும் என்று அவன் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, மூன்று மணி இருக்கும். சிரிலும் போகோவும் உச்சிக்கு இன்னொரு முறை போயிருந்தார்கள். ஸ்டாங்கா பாதி வழி உணவகத்தில் தேநீரோடு உட்கார்ந்துவிட்டாள். மெத்தோட்தான் யெர்னேயாவிடம், "வா, கடைசியா ஒண்ணு, கீழ வரைக்கும்," என்றான். அவன் முன்னால் போனான். நிழல் விழுந்த பகுதியில் அவள் திரும்ப முடியாமல் சறுக்கிக்கொண்டே போய், தடத்தின் விளிம்பைத் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டாள். மெத்தோட் கீழே நின்று பதினைந்து நிமிஷம் காத்திருந்தான், கைகளை ஊதிக்கொண்டு, ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாள் என்று எரிச்சலோடு. அந்த எரிச்சலைக்கூட அவன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். அடக்கத்தன்று சொன்னான், அதற்குப் பிறகும் சொன்னான். நான்தான் கூப்பிட்டேன், நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டாங்கா அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து அவள் மாடி அறையில் தூங்குகிறாள். சிரிலிடம் மட்டும் பரிவாக இருந்தாள். வியாழக்கிழமைதோறும் அவனுக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான்.

கோடை வந்து குளிர்காலத் துணிகளை எடுத்து வைக்கும்போது, யெர்னேயாவின் பழைய ஜாக்கெட்டின் உள்பையில் நூலில் கோத்த அட்டைச் சீட்டுகள் கிடைத்தன. ஊருக்குப் பின்னால் பிள்ளைகள் பழகும் மேட்டின் இழுவைச் சீட்டுகள். ஏழு. எல்லாம் டிசம்பர், ஜனவரி சனிக்கிழமைகள். பெரியம்மாவிடம் அவள் போகவே இல்லை. ஐம்பத்தெட்டு வயசுப் பெண் ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே, தன் புருஷன் தேர்ந்தெடுத்த மலைக்குத் தகுதியாவதற்காகத் திரும்பப் பழகியிருக்கிறாள். சிரில் அன்று அந்த ஏழு அட்டைகளையும் மேசைமேல் வரிசையாக அடுக்கினான். பிறகு கோட்டுப் பையிலிருந்து அந்த நீலச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அப்போதிருந்து அது அவன் பணப்பையில் இருக்கிறது.

"எனக்குச் சீட்டு வேண்டாம். நான் வரல," என்றான் மெத்தோட், கஷ்கொட்டையிலிருந்து தலை தூக்காமல்.

"யாரும் உன்னைக் கெஞ்சல," என்றாள் ஸ்டாங்கா. "கோடு மட்டும் போடு. இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் இந்த மேசையில உக்காரவும் மாட்டோம். அவளுக்காகவாவது போடு."

"அவளுக்காக நான் பண்ணினது போதாதா?"

போகோ ஒயினை ஊற்றினான், கோப்பை நிரம்பியதைக் கவனிக்காமல் ஊற்றி, கையால் துடைத்தான்.

"டேய் மெத்தோட், அது விபத்துடா," என்றான் மெதுவாக.

"விபத்துதான். நான் கூப்பிட்ட விபத்து." மெத்தோட் மனைவியைப் பார்த்தான். "இவளைக் கேளு. இவ சொல்லுவா."

ஸ்டாங்கா பென்சில்களை மேசை நடுவே உருட்டிவிட்டாள். "கோடு போடுங்க. வாத்து கருகிடும்," என்றாள்.

சிரில் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினான். எப்போதும் அப்படித்தான், ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டு கோடு போடுவார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல. சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டான். மடித்தான். பணப்பையைத் திறந்தான். உள்ளே அந்தச் சீட்டு ஒரு வருஷத்தில் துணியைப் போல மெத்தென்று ஆகியிருந்தது. இப்போதும் அதை அடுப்புக்குள் போட்டுவிடலாம். அடுப்புக் கதவு கைக்கெட்டும் தூரத்தில், திறந்தே இருந்தது. போட்டுவிட்டால், வியாழக்கிழமை சூப் தொடரும். ஸ்டாங்கா அவன் தோளில் கை வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்பாள். மெத்தோட் கஷ்கொட்டை உரித்துக்கொண்டே இருப்பான்.

இரண்டு சீட்டையும் சேர்த்து உள்ளங்கையில் மறைத்து, தொப்பிக்குள் கையை விட்டான். விரல்கள் சட்டென்று விரியவில்லை. கம்பளியின் சூட்டுக்குள் ஒரு நொடி அப்படியே இருந்தன. பிறகு விரிந்தன.

"இந்தத் தடவை நான் படிக்கல," என்றான். "மெத்தோட், நீ எடு."

"நான் எதுக்கு?"

"நீதான் எடுக்கணும்."

அந்தக் குரலில் எதுவோ இருந்திருக்க வேண்டும். மெத்தோட் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு தொப்பியை இழுத்தான். முதல் சீட்டைப் பிரித்தான். "நீலம்," என்றான். "என்னுதுதான். யாரும் கேக்க வேண்டாம், நானே சொல்றேன்." இரண்டாவது சிவப்பு. மூன்றாவது சிவப்பு. நான்காவதும் சிவப்பு.

"அப்ப போட்லேசாதான்," என்று போகோ கோப்பையைத் தூக்கினான். "மரங்களுக்கெல்லாம் கடிதம் போட்டுடறேன், வர்றோம்னு."

மெத்தோட் தொப்பியைக் கவிழ்க்கப் போனவன் நின்றான். அடியில் இன்னொன்று இருந்தது. எடுத்தான். பிரிக்கவில்லை.

"நாலு பேர்தானே இருக்கோம்?" என்றான்.

அவன் பிரித்தான். மற்ற நான்கும் வழவழப்பான காலண்டர் தாள். இது கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாள், மடிப்புகளில் பழுப்பேறியது. ஸ்டாங்காவின் பார்வை அந்தக் கட்டங்களில் நின்றது. போன வருஷம் அவள் பையிலிருந்த நோட்டிலிருந்து, அவள் கையால் கிழித்த தாள். ஐந்தும் அடுப்புக்குள் போயிருக்க வேண்டியவை. அவள் தங்கையின் புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை.

"சிரில்," என்றாள். அது கேள்வியாக வரவில்லை.

"போன வருஷத்து நாலாவது சீட்டு," என்றான் சிரில். "சிவப்புன்னு சொன்னேன்."

மெத்தோட் சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். கோடு இன்னும் மங்கியிருந்தது, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவன் விரல்களில் கஷ்கொட்டைக் கரி. அது தாளில் பட்டுவிடாதபடி ஓரத்தை மட்டும் பிடித்திருந்தான். சமையலறையிலிருந்து வாத்துக் கொழுப்பு தீயும் வாடை வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஸ்டாங்கா கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கி, மேசைமேல் வைத்து, அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் நீவத் தொடங்கினாள்.