இரண்டாவது ஊசி

விடியுமுன் வார்டு முழுக்க ரத்தம் எடுத்து முடித்தாக வேண்டும். குனிந்தே நின்றதில் இடுப்பு கழன்றுவிட்டது. முதியவர்களின் கையில் நரம்பு லேசில் தட்டுப்படாது. ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனிகள் வெளிறி எரிந்தன. எதிர்வரிசையில் இரவு சிஸ்டர் மின்னல் ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டத்தால் வந்த பட்டப்பெயர். ஒருத்தி தலையில் முப்பது கட்டிலைக் கட்டினால் யாராக இருந்தாலும் மின்னலாகித்தான் தீர வேண்டும்.

ஜன்னலோரத் தையல்காரருக்கு இன்சுலின் போட்டாள். அதைச் சார்ட்டில் எழுதப் பேனாவை எடுக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் வாந்தியெடுத்தார். அவரைத் துடைத்து, விரிப்பு மாற்றி நிமிர்ந்தபோது ஷிஃப்ட் முடிந்திருந்தது.

முன்பெல்லாம் போகிறவர்களும் வருகிறவர்களும் அரைமணி நேரம் கட்டில் கட்டிலாக நின்று, யாருக்கு என்ன ஆயிற்று, என்ன பாக்கி என்று சொல்லி ஒப்படைப்பார்கள். ஒரே வேலைக்கு இரட்டைச் சம்பளமா என்று நிர்வாகம் போன மாதம் அந்த அரைமணியை வெட்டியது. இப்போது ஒருத்தி மெஷினில் விரல் பதித்து வெளியேறுவாள், இன்னொருத்தி பதித்து உள்ளே வருவாள். நேரம் தாண்டி நின்றால் மெமோ.

மின்னல் போனாள். வந்த சிஸ்டர் சார்ட்டில் வெற்றிடத்தைப் பார்த்தாள். ஊசி போடவில்லை என்று நினைத்து, தையல்காரருக்கு இன்னொன்று போட்டாள்.

நான் போய்ப் பார்த்தபோது மனிதர் வியர்வையில் ஊறிக் கண் செருகிக் கிடந்தார். சர்க்கரை அதலபாதாளத்தில். நரம்பில் குளுக்கோஸை ஏற்றி, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். ஒருவழியாக விழித்தார்.

"ரெண்டாவது தடவை போட வந்தப்ப சொல்லியிருக்கலாமே பெரியவரே?"

"கேட்டா வள்ளுனு விழுவீங்களோன்னு சும்மா இருந்துட்டேன் டாக்டரம்மா."

பொய்யில்லை. நாங்கள் அப்படித்தான் விழுகிறோம்.

மதியம் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். இளம் டாக்டர்களில் ஒருவரைத் தலைமைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். இந்த முறை நான். முடித்தால் வார்டுப் பொறுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் என்பதால், 'எம் பொண்ணு டாக்டருக்கெல்லாம் டாக்டர்' என்று அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள்.

"உட்காரும்மா. இந்த விசாரணைய நீதான் நடத்தற. உனக்கு நல்ல ஆரம்பம்."

"என்னத்த விசாரிக்கணும் சார்?"

"அந்த நைட் நர்ஸ் எழுதாம போயிட்டா. சஸ்பெண்ட் பண்ணியாச்சு. அலட்சியம்னு எழுதிக் குடு. ஒரு பக்கம் போதும்."

"ஒப்படைப்பு இருந்திருந்தா வாயாலயே சொல்லியிருப்பா."

"அது நிர்வாக விஷயம். இது மருத்துவ விஷயம்."

"ரெண்டும் ஒரே உடம்புக்குள்ளதான் சார் போச்சு."

அவர் சிரித்தார். "லீடர்னா கஷ்டமான முடிவு எடுக்கணும்."

"கஷ்டம் எனக்கு எங்க சார்? வேலை போறது அவளுக்குத்தானே."

சிரிப்பு நின்றது. "நாளைக்குக் காலையில ரிப்போர்ட் வரணும். இல்லேன்னா பயிற்சிக்கு ஆள் இருக்கு."

பற்களைக் கடித்துக்கொண்டு படியிறங்கினேன். சிஸ்டர்கள் உடைமாற்றும் அறையில் நுழைந்ததும் ஒரு குரல் வந்தது. "விசாரணை அதிகாரி வந்துட்டாங்க, எந்திரிங்கடி."

"நான் எழுத மாட்டேன்," என்றேன்.

வார்டின் மூத்த சிஸ்டரை எல்லாரும் பெரியக்கா என்போம். அவள் செருப்பு வாரை மாட்டியபடி நிமிராமலே பேசினாள். "நீங்க எழுதலைன்னா வேற ஒருத்தர் எழுதுவாரு. உங்களுக்கு எங்க போனாலும் நாற்காலி போடுவாங்க. மின்னலுக்கு?"

சுரீரென்றது. நான் தனியாக மறுத்தால் என் மானம் பிழைக்கும். அவள் வேலை பிழைக்காது. அப்படியானால் எதற்கு இத்தனை படித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மூலையில் அழுதுகொண்டிருந்தாள் இரண்டாவது ஊசி போட்டவள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யார் என்ன வேணா எழுதட்டும். நாளைக்கு நைட் ஆளு கட்டில் கட்டிலா நின்னு சொல்லாம நான் ஊசியத் தொடமாட்டேன். பயமா இருக்கு."

"மெமோ வரும்டி."

"ஒருத்தி நின்னா மெமோ வரும்," என்றாள் பெரியக்கா. "எல்லாரும் நின்னா?"

"டாக்டர்களும் நிப்போம்," என்றேன். யாரையும் கேட்காமலே சொல்லிவிட்டேன். சாயங்காலம் முழுக்கக் கெஞ்சினேன், திட்டினேன். பாதிப் பேர் நழுவினார்கள். மூன்று பேர் சரி என்றார்கள்.

மறுநாள் விடிந்தபோது முதல் கட்டிலைச் சுற்றி இரவு ஆட்களும் பகல் ஆட்களும் ஒன்றாக நின்றோம். மின்னலை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவளுக்குப் பதில் இரவு பார்த்த பெரியக்கா சொல்லத் தொடங்கினாள். ஜன்னலோரம் வந்ததும் தையல்காரரே முந்திக்கொண்டார்.

"எனக்கு இன்னிக்கு ஒண்ணு போட்டாச்சு. எல்லாரும் கேட்டுக்கோங்க, ஒண்ணுதான்."

சிரிப்பு அடங்குவதற்குள் இயக்குநர் வந்து நின்றார். "யார் குடுத்த பர்மிஷன்? ரிப்போர்ட் எங்க?"

"நடந்துகிட்டிருக்கு சார். நின்னு கேளுங்க," என்றேன்.

"உன் பயிற்சி இத்தோட முடிஞ்சுது."

அம்மாவின் முகம் வந்து போனது. பெரியக்கா என் முழங்கையைப் பிடித்து, அடுத்த கட்டில் பக்கம் இழுத்தாள். இயக்குநர் போனில் யாரையோ அழைத்துக் கத்திக்கொண்டிருந்தார். எதிர் வார்டு சிஸ்டர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று பெரியக்கா குரலை உயர்த்தினாள்.