உள்ளே போய் வருகிறவன்

மாலூர் தாண்டியதும் ராதிகா அக்கா இட்லி டப்பாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு ஒயிட்ஃபீல்டில் கார்மெண்ட்ஸ் வேலை. மாரிகுப்பத்தில் ரயில் ஏறும் எங்கள் செட்டில் அவள் ஒருத்திதான் நான் சொன்ன கம்பெனி ஷேரை இன்னும் வாங்காதவள்.

“ரூபேஷு, அந்த கம்பெனி கெட்டிதானே? பொண்ணு ஷில்பா நர்சிங் படிப்புக்கு வெச்சிருக்கறத போட்டுடலாம்னு கீறேன்.”

ஐயோ என்றிருந்தது எனக்கு. அந்தக் கம்பெனி ஃபயர்வால் விற்கிறது. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் திருடன் நுழையாமல் காவல் காக்கும் பெட்டி. எங்கள் ஆபீசில் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் ரயிலில் வாய் சும்மா இருக்கவில்லை. “வெச்ச பெட்டிய எவனும் கழட்ட முடியாது. யார உள்ள விடணும், யார விடக்கூடாதுன்னு ஆயிரம் ரூல் எழுதி வெச்சிருக்கோம், கழட்டினா ஆபீஸே படுத்துடும். போட்டிக்கு வர்றவன் தலகீழா நின்னாலும் நடக்காது” என்று அளந்துவிட்டேன். எங்கள் தங்கவயல்காரர்களுக்கு ஒரு பழக்கம், சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் போகவில்லை. மேலே உட்கார்ந்திருக்கும் ஆபீசர் என்ன சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஷாஃப்டுக்குள் இறங்கி வந்தவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் உள்ளே போய் வருகிறவன். போட்டிக்காரன் யார், எப்படி விற்கிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சத்தியமாக நானும் பார்க்கவில்லை.

நேற்று மேனேஜர் அந்தப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். ஆபீஸ் டேட்டாவை வைக்க நாங்கள் ஏற்கெனவே வாடகை கட்டும் கிளவுட்காரனே காவலையும் சேர்த்து சல்லிசாகத் தருகிறானாம். ஆயிரம் ரூலையும் அவன் மென்பொருளே வாங்கி வைத்துக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது நான்தான். டீ ஆறுவதற்குள் பெட்டி வெளியே வந்துவிட்டது. ஆபீஸ் படுக்கவில்லை. வெட்கக்கேடு.

“போடாதீங்கக்கா” என்றேன். “நான் சொன்னது தப்பு. நேத்து நானே கழட்டிட்டேன். எனக்கு பெட்டியத்தான் தெரியும். கம்பெனியப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

எதிர் சீட்டில் ஃப்ரெடி அண்ணன் பேப்பரைத் தாழ்த்திக் கண்ணாடியைக் கழற்றினார். என் பேச்சை நம்பிப் போன மாசமே பணம் போட்டவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அக்கா என் கையைத் தொட்டாள்.

“பாத்தியா, உள்ள போறவன் சொன்னாத்தான் உண்மை தெரியுது. நல்லவேள, மாட்டிக்கினு இருப்பேன்.” பிறகு குரலை இறக்கினாள். “செரி, அந்த கிளவுட்காரன் இன்னா, கெட்டியா? அவன் பேர சொல்லு.”

ஃப்ரெடி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்து வரிசையில் ஆஸ்பத்திரி ஆயா பார்வதம்மா ஃபோனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.